நாலு சுவருக்கு நாலு டேக்

உலகத்தில் மனசாட்சி இல்லாத அலுவலகங்கள் உண்டு. மனசாட்சி இருந்தும் அதை வைக்க இடமில்லாத அலுவலகங்களும் உண்டு. மனசாட்சிக்கென்று தனி அறை, தனி மேசை, தனி மின்விசிறி ஒதுக்கி, கதவில் பெயர்ப்பலகையும் மாட்டிய ஒரே அலுவலகம் என்ற பெருமை ஆற்றங்கரை மேம்பாட்டு வாரியத்தையே சேரும். மூன்றாவது மாடியில், மாடிப்படிக்கும் கழிப்பறைக்கும் நடுவே இருந்த அந்த அறைக்கு 'அக்கறைப் பிரிவு' என்று பெயர். அதுவரை சாக்கடைப் பிரிவில் இருந்த ஒருவரை அக்கறை அலுவலராக அங்கே மாற்றினார்கள். கீழே போவதையெல்லாம் கவனித்துப் பழகியவர் என்பதால் இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க முடியாது.

அந்தப் பிரிவு பிறந்த கதை சுருக்கமானது. கண்டபடி வளைந்து நெளிந்து ஓடிக்கொண்டிருந்த ஆற்றை வாரியம் பிடித்து இழுத்து, இரண்டு கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே நேராகப் படுக்கவைத்தது. கரையோரம் இருந்த நாற்பத்திரண்டு வீடுகளை ஒன்பதே நாளில் இடித்து, நடைபாதையும் பூச்செடியும் வைத்தது. கடன் கொடுத்த வெளிநாட்டு வங்கி வேகத்தைப் பாராட்டி ஒரு கடிதம் எழுதியது. கடைசி வரியில் ஒரு சின்னக் குறை: 'மக்கள் பாதிப்பு குறித்த தங்கள் வருத்தத்துக்கான ஆதாரம் கோப்பில் காணப்படவில்லை. இரண்டு மாதத்துக்குள் அனுப்பவும்.'

வாரியம் அசரவில்லை. வருத்தத்துக்கு டெண்டர் விட்டது. ஓர் ஆவணப்பட நிறுவனம் அதை எடுத்தது. படத்தின் பெயர் 'விலை: ஓர் ஆற்றின் பெருமூச்சு'.

இப்படித்தான் அந்தப் பெருமூச்சு மட்டக்காரரின் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது.

மட்டக்காரர் வாரியத்தின் கடைநிலை ஊழியர். ஆற்றில் தண்ணீர் எத்தனை மீட்டர் நிற்கிறது என்பதைக் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அளவுக் கம்பத்தில் பார்த்து, தலைமை அலுவலகத்துக்குப் போனில் சொல்வது அவர் வேலை. இருபத்தாறு வருடமாக ஒரு வேளை தவறியதில்லை. ஆற்றுக்கு மேலும் கீழும் மதகு வைத்த பிறகு தண்ணீர் இரண்டு மீட்டருக்கு மேலே ஏறுவதுமில்லை, கீழே இறங்குவதுமில்லை. பார்க்காமலே சொல்லலாம். ஆனால் அவர் இறங்கிப் போய், குனிந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, பார்த்துவிட்டுத்தான் சொல்வார். எதிர்முனையில் பதிவுசெய்த பெண்குரல் 'நன்றி' என்று சொல்லும். அவரும் பதிலுக்கு 'பரவாயில்லம்மா' என்பார்.

மட்டம் பார்ப்பவர் கம்பத்திலிருந்து முப்பது அடிக்குள் குடியிருக்க வேண்டும் என்று வாரியத்தின் விதிப்புத்தகம் சொல்கிறது. அதனால் அவர் வீடு மட்டும் தப்பியது. மற்ற வீடுகளின் கதவில் சிவப்பில் ஒன்று முதல் நாற்பத்திரண்டு வரை எண் போட்டவர்கள், அவர் கதவில் பச்சையில் 'வி' என்று போட்டார்கள். 'வி' என்றால் விலக்கு. 'இவ்வீட்டை எவரும் இடிக்கலாகாது' என்று முத்திரை குத்திய கடிதமும் கொடுத்தார்கள். அதை அவர் கண்ணாடிச் சட்டம் போட்டு, கல்யாணப் போட்டோவை இறக்கிவிட்டு அந்த ஆணியில் மாட்டினார்.

"நம்ம கல்யாணத்தை விட அந்தக் காயிதம் பெருசா?" என்று மனைவி கேட்டாள். அவள் துணி தைப்பவள். முன் ஜன்னலோரம் மெஷினைப் போட்டுக்கொண்டு அந்தத் தெருவுக்கே தைத்தவள். இப்போது தெரு இல்லை.

"கல்யாணத்துல முத்திரை குத்தலையே" என்றார் மட்டக்காரர்.

விளையாட்டாகச் சொன்னாலும் உள்ளுக்குள் அவருக்கு உறுத்தல் இருந்தது. பதினேழாம் எண் வீடு அவருடைய சொந்தத் தம்பியின் வீடு. தம்பி குடும்பத்தை ஊருக்கு வெளியே ஒரு பன்னிரண்டாவது மாடியில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். லிஃப்ட் வேலை செய்யாத நாளில் தம்பியின் மாமியார் கீழே இறங்குவதில்லை. லிஃப்ட் வேலை செய்த நாள் இதுவரை வரவில்லை. தம்பி போனில் அதிகம் பேசுவதில்லை. 'உனக்கென்னண்ணே' என்பதோடு நிறுத்திக்கொள்வான். அந்த மூன்று வார்த்தை கூட இல்லாத வாக்கியம் மட்டக்காரரைத் தினமும் அரித்தது.

ஆகவே, ஒரு நாள் காலை அக்கறை அலுவலர் இயக்குநரை அழைத்துக்கொண்டு வந்து நின்றபோது, மட்டக்காரர் மனதார வரவேற்றார்.

இயக்குநர் மென்மையான மனிதர். பிறர் துன்பத்தைக் கண்டால் உடனே கண்ணீர் வந்துவிடும். இதற்காகவே மூன்று நாடுகளில் விருது வாங்கியிருந்தார். வாசலில் நின்று மட்டக்காரரின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, உங்க முகத்துல ஆறு ஓடுது."

"வேர்வை சார்" என்றார் மட்டக்காரர். "நான் ஒண்ணு சொல்லணும் சார். அதைப் படத்துல போடுவீங்களா?"

"உங்க குரலுக்காகத்தானே இந்தப் படமே!"

"நாப்பத்திரண்டு குடும்பத்துக்கும் ரெண்டு மணி நேரம்தான் குடுத்தாங்க சார். ஒரு வாரம் குடுத்தோம்னு ஃபைல்ல எழுதியிருக்காங்க. நான் மட்டம் பார்த்துட்டு மேல வரேன், இடிக்கிற மெஷின் நிக்குது. அடுத்த தடவை மட்டம் பாக்கப் போறேன், தம்பி வீடு இல்ல. இதைச் சொல்லணும்."

இயக்குநர் அழுதார். அக்கறை அலுவலர் ஜன்னல் வழியே பூச்செடியைப் பார்த்தார். பிறகு, படத்துக்கு ஒரு சின்னச் சிக்கல் இருப்பதை இருவருமாக விளக்கினார்கள்.

இடிப்பைப் பற்றிய படத்துக்கு ஓர் இடிப்பு வேண்டும். நாற்பத்திரண்டு வீடுகளையும் இடித்த பிறகுதான் படத்துக்கு அனுமதி வந்தது. வாரியத்தின் அதிவேகம் என்ற அந்தச் சாதனையே படத்துக்கு எதிராகப் போய்விட்டது. மிச்சமிருப்பது ஒரே வீடு.

"பயப்படாதீங்க" என்றார் இயக்குநர். "பின்னாடி சமையலறைச் சுவர் ஒண்ணே ஒண்ணு. அதுல ஒரு மூலை. எங்க கலை இயக்குநர் சாயங்காலமே பழையபடி கட்டிக் குடுத்துடுவார்."

"இந்த வீட்டை இடிக்கக் கூடாதுன்னு கடிதம் இருக்கே சார்."

"இடிக்கப் போறதில்லையே" என்றார் அக்கறை அலுவலர். "ஷூட்டிங்தான்."

மட்டக்காரர் மனைவியைப் பார்த்தார். "அந்த மூலையிலதான் அடுப்பு இருக்கு" என்று மட்டும் சொன்னாள் அவள். ஆனால் அவருக்கு அடுப்பு தெரியவில்லை. பன்னிரண்டாவது மாடி தெரிந்தது. உலகமே அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளும், தம்பி மறுபடியும் முழுசாகப் பேசுவான் என்று நினைத்தார். ஒரே ஒரு வரி எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டார்.

"நாயும் படத்துல வருதா?" என்று கேட்டபடி அப்போது ஒரு பெண்மணி உள்ளே வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் தெர்மாமீட்டர். விலங்கு நலக் கண்காணிப்பாளராம். சர்வதேசப் படம் என்றால் இவர் இல்லாமல் நாய் காதைக் கூட ஆட்டக் கூடாதாம்.

வீட்டு நாய்க்கு மேஸ்திரி என்று பெயர். எல்லோரும் வேலை செய்யும்போது நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதால் வந்த பெயர். மேஸ்திரிக்கான ஒப்பந்தம் ஏழு பக்கம். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை ஓய்வு, கொதித்து ஆறிய தண்ணீர், தூசியிலிருந்து அறுபது அடி தூரம், அதிக ஓசை கூடாது, மனம் வருந்தும்படியான காட்சியைப் பார்க்கவிடக் கூடாது. ஏழு பக்கத்திலும் மட்டக்காரர் காப்பாளராகக் கையெழுத்துப் போட்டார்.

"என் வீட்டுக்காரருக்கு இந்த மாதிரி ஃபாரம் இல்லையாம்மா?" என்று மனைவி கேட்டாள்.

"மனுஷங்க என் டிபார்ட்மென்ட் இல்லங்க" என்றார் கண்காணிப்பாளர், மிகவும் கனிவாக.

படப்பிடிப்பு நாள் வந்தது. மாலை வெயில் பொன்னாக விழும் நேரத்தில்தான் துயரம் நன்றாக எடுபடும் என்பதால் நாலரை மணிக்கு எல்லாம் தயார். கலை இயக்குநர் முதல் வேலையாகக் கதவில் இருந்த பச்சை 'வி'யை அழித்துவிட்டுச் சிவப்பில் 43 என்று எழுதினார்.

"அய்யோ, சிவப்பு வேண்டாங்க" என்றாள் மனைவி.

"பச்சை ஃப்ரேம்ல சோகமா தெரியாதும்மா."

அவள் உள்ளே போய்த் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து அளவுக் கம்பத்தின் பக்கத்தில் வைத்தாள். உள்ளேயே இருந்தால் இயல்பாக இருக்கும் என்று உதவி இயக்குநர் கெஞ்சினார். "இயல்பா இருக்கறதுக்குத்தான் வெளிய வெக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள்.

பொக்லைன் ஓட்டுநர், நாற்பத்திரண்டையும் இடித்த அதே ஆள். மட்டக்காரரைப் பார்த்துச் சங்கடமாகத் தலையசைத்தார். இயக்குநர் கையைத் தூக்கினார். பொக்லைன் பின்சுவரை ஒரு தள்ளு தள்ளியது. 'ஒரு மூலை' என்பது சுவருக்குத் தெரியாதல்லவா? அடுப்பு மூலையில் தொடங்கி முழுச் சுவரும் அப்படியே உட்கார்ந்தது.

"கட்! என்னாச்சு?"

"சார்" என்றார் ஒலிப்பதிவாளர், தயங்கித் தயங்கி. "நீங்க அழுத சத்தம் விழுந்திருச்சு. செவுரு சத்தமே கேக்கல."

இயக்குநர் தன் இளகிய மனதை நொந்துகொண்டார். பிறகு, உலகத்தில் எந்த இயக்குநரும் எந்தச் சூழ்நிலையிலும் சொல்வதைச் சொன்னார்.

"ஒன் மோர்."

பொக்லைன் ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். "சார், நான் இருபது வருஷமா இடிக்கிறேன். இடிச்சதையே இன்னொரு தடவை இடின்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான்."

"அதே சுவர் வேணாம்ப்பா. பக்கத்துச் சுவர்."

மட்டக்காரர் வாயைத் திறந்தார். அக்கறை அலுவலர் அவர் தோளில் கை வைத்து, "ஒரு சுவர் கட்டறதும் ரெண்டு சுவர் கட்டறதும் ஒரே வேலைதான், கலவை போட்டது போட்டதுதானே" என்று ஆறுதல் சொன்னார். இருபத்தாறு வருடத்தில் மேலதிகாரி யாரும் அவரைத் தொட்டதில்லை. வாயை மூடிக்கொண்டார்.

இரண்டாவது டேக். படுக்கையறைச் சுவர் பாதி சாய்ந்திருக்கும்போது, "நிறுத்துங்க! உடனே நிறுத்துங்க!" என்று ஒரு குரல் கிழித்துக்கொண்டு வந்தது. மட்டக்காரருக்கு உயிர் திரும்பியது. யாரோ ஒருவருக்காவது கண் திறந்ததே என்று நினைத்துத் திரும்பினார். விலங்கு நலக் கண்காணிப்பாளர் குடையை விரித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"காத்து திரும்பிடுச்சு! தூசி நாய் பக்கம் வருது!"

படப்பிடிப்பு பத்து நிமிடம் நின்றது. மேஸ்திரிக்கு வெப்பநிலை பார்த்தார்கள். கண்ணைத் துடைத்துவிட்டார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். அதற்குள் பாதி சாய்ந்த சுவர் தானாகவே மீதியையும் முடித்துக்கொண்டது. சாய்வதை யாரும் படம் பிடிக்கவில்லை.

"ஒன் மோர்."

மூன்றாவது டேக்குக்கு எல்லாம் கச்சிதமாக அமைந்தது. வெயில் பொன்னாக இருந்தது. இயக்குநர் வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டு ஓசையில்லாமல் அழுதார். மேஸ்திரி அறுபது அடிக்கு அப்பால் வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. வீட்டின் முன்னால் மட்டக்காரரும் மனைவியும் நிற்க, கேமரா அவர் முகத்தை நெருங்க, பின்னால் மேற்குச் சுவர் ஆடத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து மட்டக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்தவர், கேமராவைத் தாண்டி விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டார். பின்னால் சுவர் அருமையாக விழுந்தது.

"கட்! எங்கய்யா போறீங்க?"

"ஆறு மணி சார். மட்டம் பாக்கணும்."

குனிந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, பார்த்தார். இரண்டு மீட்டர். போனில் சொன்னார். 'நன்றி' என்றது குரல். இந்த முறை அவர் 'பரவாயில்லம்மா' என்று சொல்லவில்லை. திரும்பி மேலே பார்த்தால் மூன்று பக்கமும் ஆகாயம் தெரிந்தது. நான்கு இரும்புக் கம்பங்களின் மேல் தகரக் கூரையும், 43 என்று எழுதிய முன்சுவரும் மட்டும் நின்றன. இந்த டேக் தன்னால்தான் போயிற்று என்ற குற்றவுணர்ச்சிதான் அவருக்கு முதலில் வந்தது. நல்ல ஊழியர்களுக்கு இப்படித்தான். தங்கள் வீடு விழும்போதும் தாங்கள் செய்த தவறுதான் முதலில் தெரியும்.

"மன்னிச்சிடுங்க சார்" என்றார்.

"பரவால்லய்யா" என்றார் இயக்குநர், பெருந்தன்மையாக. "இன்னும் ஒண்ணு இருக்கே."

மனைவி அவர் சட்டையைப் பிடித்தாள். "ஏங்க, போதும்னு சொல்லுங்க. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

"மூணு போயிடுச்சே... ஒண்ணை மட்டும் வெச்சுக்கிட்டு..." என்று இழுத்தார். அவருக்கே தன் குரல் பிடிக்கவில்லை.

நான்காவது டேக் பிரமாதமாக வந்தது. முன்சுவர் விழும்போது கூரையையும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனது. கண்ணாடிச் சட்டம் உடையும் ஓசை துல்லியமாகப் பதிவானது என்று ஒலிப்பதிவாளர் குதூகலித்தார். பிறகு நாற்காலி போட்டு மட்டக்காரரை உட்காரவைத்தார்கள். அவர் அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி, தம்பியைப் பற்றி, ஃபைலில் எழுதிய பொய்யைப் பற்றி, நெஞ்சில் இருந்ததையெல்லாம் சொன்னார். ஒரே டேக்கில் ஓகே ஆனது.

கலை இயக்குநர் சொன்ன சொல் தவறவில்லை. மறுநாளே வீட்டைக் கட்டினார். இடிப்பதற்கு முன்பு வீடு எப்படி இருந்தது என்பதைப் படம் எடுக்க மறந்துவிட்டார்கள் என்பது அப்போதுதான் தெரியவந்தது. அதனால் ஒட்டுப்பலகையில் முன்சுவர், ஜன்னல், கதவு எல்லாம் பழைய வீட்டை விட அழகாக எழும்பின. கதவைத் திறந்தால் ஆறு தெரியும். கேமரா பார்க்காத பக்கங்களுக்குச் சுவர் தேவைப்படவில்லை.

ஒரு வாரம் கழித்து மட்டக்காரர் மூன்றாவது மாடிக்கு ஏறினார்.

"மத்த மூணு சுவர் சார்?"

அக்கறை அலுவலர் கோப்பைப் புரட்டினார். "இடிச்ச வீடுகளுக்குத்தான் மாற்று வீடு. உங்களுது 'விலக்கு' லிஸ்ட்ல இருக்கு. விலக்கு வீட்டை இடிக்க முடியாது."

"இடிஞ்சு கெடக்கு சார். வந்து பாருங்க."

"எப்படிய்யா இடிஞ்சிருக்கும்? யாரும் இடிக்கக் கூடாதுன்னு எங்க ஆர்டரே இருக்கே. கடிதம் வெச்சிருப்பீங்களே, காட்டுங்க."

"கடிதம் உள்ள மாட்டியிருந்துச்சு சார்."

"எதுக்குள்ள?"

அக்கறை அலுவலர் பரிவோடு ஓர் எச்சரிக்கையும் செய்தார். மட்டம் பார்ப்பவர் முப்பது அடிக்குள் குடியிருக்க வேண்டும். வேறெங்காவது போய்த் தங்கினால் வேலை போய்விடும். ஆகவே கணவன், மனைவி, மேஸ்திரி மூவரும் கம்பத்தை ஒட்டியிருந்த கருவி அறைக்குக் குடிபோனார்கள். அது ஆறடிக்கு ஆறடி. ஒருவர் திரும்பிப் படுத்தால் மற்ற இருவரும் எழுந்து உட்கார வேண்டும்.

புதிதாகக் கட்டிய ஆற்றங்கரை அரங்கத்தில்தான் திரையீடு. வங்கியிலிருந்து விருந்தினர் வந்திருந்தார்கள். வாரியம் மட்டக்காரரையும் மனைவியையும் முறையாக அழைத்திருந்தது. கூடவே மேஸ்திரிக்குத் தனி அழைப்பிதழ், தனி நாற்காலி.

முகப்பில் நுழைந்ததும் மட்டக்காரர் நின்றுவிட்டார். சில நாளைக்கு முன் கரையிலிருந்து கழற்றிக்கொண்டுபோன அவருடைய ஒட்டுப்பலகை வீடு அங்கே விளக்கு வெளிச்சத்தில் நின்றது. சுற்றிலும் பட்டுக்கயிறு. மனைவி ஜன்னல் விளிம்பை, கத்தரிக்கோல் வைக்கும் இடத்தை, தடவிப் பார்க்கக் கையை நீட்டினாள்.

"தொடாதீங்கம்மா" என்றார் காவலர். "கலைப்பொருள்."

படம் ஓடியது. ஒளிப்பதிவு அற்புதம். நான்காவது சுவர் விழுந்தபோது அரங்கமே 'உச்' கொட்டியது. அடுத்து மட்டக்காரரின் முகம் திரை முழுக்க வந்தது. அவர் இருக்கையின் நுனிக்கு வந்தார். திரையில் அவர் வாய் அசைந்தது. வயலின் கேட்டது. அவர் பேசிப் பேசி முடிக்கும்வரை வயலின் விடவேயில்லை. அதன் மேலே ஒரு கனத்த குரல், 'இந்த மௌனம் நம்மிடம் எதையோ சொல்கிறது' என்றது.

"ரெண்டு மணி நேரம்னு சொன்னேனே" என்றார் மட்டக்காரர், பக்கத்தில் யாரிடமோ. அந்த ஆள் 'உஷ்' என்றார்.

கடைசியில் எழுத்துகள் மேலேறின. மனதைத் தொட்ட வாரியத்துக்கு நன்றி, மனிதாபிமானமுள்ள வங்கிக்கு நன்றி, பொக்லைன் உதவிக்கு நன்றி. கடைசியாக, தனியாக, பெரிய எழுத்தில் ஒரு வரி நின்றது:

'இந்தப் படத்துக்காக எந்த உயிரினமும் துன்புறுத்தப்படவில்லை.'

அந்த வரிக்குத்தான் கைதட்டல் அதிகம். வங்கி விருந்தினர் ஒருவர் எழுந்தார். படம் தன்னை உலுக்கிவிட்டதாகச் சொன்னார். ஒரே ஒரு கேள்வி மட்டும் தன்னைத் தூங்கவிடாது என்றார்.

"அந்த நாய் இப்ப எங்க இருக்கு? அதுக்கு ஒரு இடம் இருக்கா?"

இயக்குநர் மேடையிலேயே அழுதுவிட்டார். அக்கறை அலுவலர் ஒலிவாங்கியைப் பிடித்து, நாய்க்கு உரிய இடம் ஒரு மாதத்துக்குள் ஒதுக்கப்படும், ஃபைல் நகர்ந்துகொண்டிருக்கிறது, நான்கு பக்கமும் சுவரோடு, நல்ல கூரையோடு என்று அறிவித்தார். அரங்கம் எழுந்து நின்று தட்டியது. மேஸ்திரி தன் நாற்காலியில் காதைச் சொறிந்துகொண்டது.

மட்டக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறாக ஐந்து நிமிடம். வழக்கம்போல எழுந்தவரின் கையைப் பிடித்து மனைவி உட்காரவைத்தாள். முதன்முறையாக அவரும் உட்கார்ந்தார்.

"மட்டம் கெடக்கட்டும்" என்றாள். "அந்த ஆபீசரைப் பிடிங்க. மேஸ்திரி வீட்டுல நமக்கு ஒரு ஓரம் குடுக்கச் சொல்லி, அதுக்கிட்ட கையெழுத்து வாங்கணும்னா எந்த ஃபாரம்னு கேளுங்க."